மருத்துவருக்கு ஆசிரியராய் வந்த நோயாளிகள்

மருத்துவம் என்பது யாது என்னும் வினாவிற்கு வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் விடை தந்துள்ளார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன் என அதனை அவர் நான்கு கூறாக்கினார். அந்நான்கனுள் நோயுற்றவனையே முதலில் வைத்தார். நோயாளி மருத்துவத்திற்கு உட்படும் வெறும் பொருள் அல்லன். மருத்துவத்தில் பங்கு கொள்ளும் ஒருவன் என்பது இவ்வைப்பு முறையால் பெறப்படும் கருத்தாகும்.

உடல்நோய் மருத்துவத்தில் இக்கருத்துக்கு ஓரளவு இடம் இருந்துவந்தது. எங்கே வலிக்கிறது என்று கேளாமல் எந்த மருத்துவரும் மருந்து தருவதில்லை. மனநோய் மருத்துவத்திலோ நிலைமை வேறு. அறிவு கலங்கியவன் சொல்லில் அறிவு இராது என்னும் எண்ணத்தால், நோயாளியின் சொல் நோயின் அறிகுறியாக மட்டுமே குறித்துவைக்கப்பட்டது, கருத்தாகச் செவிமடுக்கப்படவில்லை. அத்தகைய நோயாளியையே மருத்துவருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராக அமர்த்தும் முறை அண்மைப் பத்தாண்டுகளில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தோன்றி வளர்ந்துள்ளது. நோயை அடக்குவதோடு நில்லாமல், நோயாளி தன் வாழ்வை மீட்டுக்கொள்ளத் துணைநிற்பதையே குறிக்கோளாகக் கொண்ட மருத்துவ முறை அது. அதனை மீட்சி நெறி மருத்துவம் எனலாம். அந்நெறியில் மருத்துவரைப் பயிற்றும் முயற்சி எவ்வாறு பிறந்தது, ஏன் அதற்கு இத்துணைக் காலம் பிடித்தது என்பதை வரலாற்று வழியில் நோக்குவது பயன் தருவதாகும்.

பாரிசு நகரில் ஒரு மாணவர்

பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்த 1793ஆம் ஆண்டில், பாரிசு நகரை அடுத்த பிசேத்தர் மருத்துவமனைக்குப் பிலிப் பினேல் என்னும் மருத்துவர் பொறுப்பேற்று வந்தார். நூலறிவு மிக்கவர் அவர். எனினும், சங்கிலியால் பிணிக்கப்பட்டும் இருட்டறையில் அடைக்கப்பட்டும் கிடந்த மனநோயாளரை நாள்தோறும் கண்டு பழகிய அறிவு அவரிடம் குறைவாகவே இருந்தது. அவ்வறிவு அங்கே வேறொருவரிடம் இருந்தது. மனநோயாளர் பகுதியின் மேற்பார்வையாளராகிய ழான் பப்திஸ்த் பூசேன் என்பவரே அவர்.

பூசேன் மருத்துவம் படித்தவர் அல்லர்; தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை என்னும் கழுத்துக் கட்டி நோய்க்கு ஆளாகிப் பிசேத்தருக்கு நோயாளியாக வந்தவர். நலம் பெற்ற பின்னரும் அங்கேயே தங்கிப் பணியாளராகி, நாளடைவில் மனநோயாளர் பகுதியின் பொறுப்பாளராக உயர்ந்தார். அவருடைய துணைவியாரும் அவரோடு அப்பணியில் ஈடுபட்டார். நோயாளரை அடிக்கக் கூடாது என்று அவர் தம் பணியாளர்க்கு விதி செய்தார். நோயாளர் ஒவ்வொருவரின் நடத்தையையும் கவனித்து வைத்தார். நலமடைந்தவர்களுள்ளும் நலமடைந்து வருபவர்களுள்ளும் தக்கவரைத் தேர்ந்து பணியாளராக அமர்த்துவதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். துன்பத்தை அறிந்தவர் பிறரைத் துன்புறுத்தத் துணியார் என்பது அவர் பட்டறிவால் கண்ட உண்மை.

பினேலின் பெருமை இவ்விடத்தில்தான் விளங்குகிறது. பட்டம் பெற்ற மருத்துவராகிய அவர், மருத்துவப் பட்டம் பெறாத ஒரு மேற்பார்வையாளரிடம் மாணவராக அமர்ந்தார். பூசேன் சொல்வதைக் கேட்டார், எழுதிக்கொண்டார், தம் கண்ணால் கண்டு சரிபார்த்தார். 1801ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட மனநோய் பற்றிய நூல் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றது. அந்நூலில் பூசேனுக்குத் தாம் பட்ட கடனை அவர் மறைக்கவில்லை. பிசேத்தரில் இரும்புச் சங்கிலிகளை நீக்கியவர் பூசேனே. பினேல் வேறு மருத்துவமனைக்குச் சென்றுவிட்ட பின்னர், 1797ஆம் ஆண்டில் அது நிகழ்ந்தது. ஆயினும், பின்வந்தோர் கதையிலும் ஓவியத்திலும் சங்கிலியை அறுத்த பெருமை முழுவதையும் பினேலுக்கே வழங்கினர். அருகிருந்து பணிவிடை செய்தவரின் பெயர் மங்கியது. மருத்துவரின் பெயர் மட்டும் நிலைத்தது.

இதே காலத்தில் இங்கிலாந்தின் யார்க் நகரிலும் ஒரு முயற்சி அரும்பியது. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்னும் பெண்மணி, 1790ஆம் ஆண்டில் அந்நகரத்து மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்ட சில வாரங்களில் உயிரிழந்தார். அதனால் உள்ளம் வருந்திய தேயிலை வணிகர் வில்லியம் டியூக், தம் சமயத்தாரின் துணையோடு 1796ஆம் ஆண்டில் புதியதோர் இல்லத்தைத் திறந்தார். நோயாளரை விருந்தினர்போல் நடத்துவதும், தோட்டவேலை முதலிய பணிகளைத் தருவதும், ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்துவதும் அங்கே மருந்தாயின. இவ்வில்லத்தைத் தொடங்கியவரும் மருத்துவர் அல்லர் என்பது கருதத்தக்கது.

நம்பிக்கை இழந்த பாடம்

இத்துணை நல்ல தொடக்கம் பின்னர் ஏன் மறைந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் அரசுகள் பெரும் மனநோய் விடுதிகளை எழுப்பின. முப்பது பேரைக் கொண்ட இல்லத்தில் நடைபெறக்கூடிய அன்பு வழி மருத்துவம், ஆயிரக்கணக்கானோரை அடைத்த கட்டடத்தில் நடைபெற இயலவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லெட்ஜ்வில் என்னும் ஊரில் 1842ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற விடுதி, 1960ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 12,000 பேரைக் கொண்டு உலகின் மிகப் பெரிய மனநோய் விடுதிகளுள் ஒன்றாக விளங்கியது. குறும்பு செய்யும் பிள்ளைகளை, 'மில்லெட்ஜ்வில்லுக்கு அனுப்பிவிடுவேன்' என்று அம்மாநிலப் பெற்றோர் அச்சுறுத்துவது வழக்கமாயிற்று. 1955ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் அரசு மனநோய் மருத்துவமனைகளில் இருந்தோர் தொகை ஏறத்தாழ 5,59,000 ஆகும்.

இவ்விடுதிகளே மனநோய் மருத்துவரின் பள்ளிக்கூடங்களாகவும் இருந்தன. செருமானிய அறிஞர் எமில் கிரேப்பலின் நோயாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி, நோய் எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிகிறது என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்தார். 1899ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் மனநோய்களை இரு பெரும் பிரிவாக வகுத்தார். அவற்றுள் ஒன்று, இளமையில் தோன்றி அறிவை நிலையாகக் குன்றச் செய்வது என்று உரைத்தார். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஆய்கன் புளூலர் அதற்குப் புதுப்பெயர் சூட்டினார். அந்நோயே இன்று தமிழில் மனச்சிதைவு எனப்படுகிறது. சிதைந்தது மீண்டும் சேராது என்னும் அவலம் தமிழ்ப் பெயரிலும் ஒலிப்பதைக் காணலாம்.

கிரேப்பலின் நேர்மையான ஆய்வாளர். தம் நோயாளருள் சிலர் நலம் பெற்றதையும் அவர் மறைக்காமல் குறித்திருந்தார். ஆனால் அவர் வழிவந்த பாடநூல்களில் விதிவிலக்கு மறைந்து விதி மட்டுமே எஞ்சியது. இந்நோய் கண்டவர் மீளார் என்று பேராசிரியர் சொன்னார், மாணவர் எழுதிக்கொண்டார், தாம் பேராசிரியரானபோது அதையே சொன்னார். நோயாளரிடமும் அவர்தம் பெற்றோரிடமும் அதுவே சொல்லப்பட்டது. மீட்சியில்லை என்று கேட்ட தாய் தந்தையர் மகனை விடுதியில் விட்டுச் சென்றனர். வருவோர் போவோர் இன்மையால் அவன் மேலும் குன்றினான். குன்றிய அவனைச் சான்றாகக் காட்டி அடுத்த வகுப்புக்கு அதே பாடம் நடத்தப்பட்டது.

இப்பாடத்திற்கு மாறாக ஒரு குரல் எழாமல் இல்லை. யேல் பல்கலைக்கழகப் பட்டதாரியாகிய கிளிஃபர்ட் பியர்ஸ் 1900ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுக் காலம் மனநோய் விடுதிகளில் இருந்து, அங்கே தாம் பட்ட துன்பங்களை 1908ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அமெரிக்க உளமருத்துவத்தின் முதன்மை ஆசிரியராக விளங்கிய அடோல்ஃப் மேயர் அவருக்குத் துணைநின்றார். அடுத்த ஆண்டே மனநல மேம்பாட்டுக்கென நாடு தழுவிய குழு ஒன்று அமைந்தது. விடுதிகளைச் சீர்திருத்த வேண்டும் என்னும் உணர்வு அதனால் வளர்ந்தது. ஆயினும், நலம் பெற்ற பியர்ஸ் மருத்துவ மாணவர்க்குப் பாடமாகவில்லை; வியப்புக்குரிய ஒரு விதிவிலக்காகவே எண்ணப்பட்டார்.

வெர்மான்ட் காட்டிய கணக்கு

அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மான்ட் என்னும் சிறு மாநிலம் உள்ளது. அங்கே வாட்டர்பரி என்னும் ஊரில் இருந்த அரசு மனநோய் மருத்துவமனையில் 1950ஆம் ஆண்டுகளின் நடுவில் ஜார்ஜ் புரூக்ஸ் என்னும் மருத்துவர் புதிய முயற்சி ஒன்றைத் தொடங்கினார். அப்பொழுதுதான் மனநோய்க்கான புது மருந்துகள் வழக்கிற்கு வந்திருந்தன. அம்மருந்துகளாலும் போதிய பயன் காணாத 269 பேர் அம்முயற்சியில் சேர்க்கப்பட்டனர். சராசரியாகப் பதினாறு ஆண்டுகள் நோயுற்றிருந்தவர்கள் அவர்கள்; பத்து ஆண்டுகளாக எவ்வேலையும் செய்ய இயலாதிருந்தவர்கள்; ஆறு ஆண்டுகள் தொடர்ந்து விடுதியிலேயே கிடந்தவர்கள். 'பின்கட்டு நோயாளர்' என்று கைவிடப்பட்ட இவர்களுக்குத் தொழிற்பயிற்சி தரப்பட்டது. ஊருக்குள் தங்குவதற்கு இடைநிலை இல்லங்கள் அமைக்கப்பட்டன. வேலை தேடித் தரப்பட்டது. வெளியேறிய பின்னும் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்யப்பட்டது.

பின்னர் அவர்களை உலகம் மறந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்த பின், கோர்ட்னி ஹார்டிங் என்னும் அம்மையார் ஆய்வாளராக வந்தார். அவரும் அவர்தம் குழுவினரும் அந்த 269 பேரையும் ஊர் ஊராகத் தேடினர். 262 பேரைப் பற்றிய செய்தி கிடைத்தது, சிலர் இறந்திருந்தனர், ஏனையோர் வீடுகளுக்குச் சென்று நேரில் உரையாடினர். 1987ஆம் ஆண்டில் அவ்வாய்வின் முடிவு அமெரிக்க உளமருத்துவ இதழில் வெளிவந்தது. சராசரியாக முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், அவர்களுள் பாதி முதல் மூன்றில் இரு பங்கினர் வரை பெரிதும் முன்னேறியோ முற்றிலும் நலமடைந்தோ இருந்தனர். வேலைக்குச் சென்றோர், குடும்பம் நடத்தியோர், அண்டை வீட்டாருடன் நல்லுறவு கொண்டோர் எனப் பலர் இருந்தனர்.

இது வெர்மான்ட் மாநிலத்திற்கு மட்டும் உரிய வியப்பன்று. ஆய்கன் புளூலரின் மகனான மன்பிரெட் புளூலர், சூரிக் நகரில் 208 நோயாளரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமே தொடர்ந்து கவனித்து, 1972ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். தந்தை பெயரிட்ட நோயில் மீட்சி உண்டு என்று மகன் காட்டினார். லோசான் நகரில் 289 பேரைச் சராசரியாக 37 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த சியோம்பியும் முல்லரும் 1976ஆம் ஆண்டில் அத்தகைய முடிவையே வெளியிட்டனர். சென்னையிலும் 1981ஆம் ஆண்டளவில் முதன்முறையாக நோயுற்று வந்த 90 பேரைத் தேர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று நடைபெற்றது. அவர்களுள் பலர் வேலையிலும் இல்லறத்திலும் நிலைபெற்றதை அது காட்டிற்று.

இனி எழுவது முதன்மையான வினா. இத்துணைப் பேர் நலம் பெற்றிருக்க, மருத்துவர்கள் அவர்களைக் காணாதது ஏன்? அமெரிக்க ஆய்வாளராகிய பட்ரீசியா கோகன், ஜேக்கப் கோகன் இருவரும் 1984ஆம் ஆண்டில் இதற்குத் தெளிவான விடை தந்தனர். நலமடைந்தவர் மருத்துவமனைக்குத் திரும்பி வருவதில்லை. நலமடையாதவரே மீண்டும் மீண்டும் வருகின்றனர். ஆகவே, மருத்துவர் தம் அறையில் காண்போரை மட்டும் கொண்டு கணக்கிட்டால், நோய் முழுவதும் தீராநோயாகவே தோன்றும். இதனை அவர்கள் மருத்துவரின் மயக்கம் என்னும் பொருள்படக் குறிப்பிட்டனர்.

ஆசிரியப் பயிற்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு பயிற்சிக் கல்லூரி தன் பயிற்சியாளர் அனைவரையும் தேர்வில் தோற்றவர் வகுப்புக்கு மட்டுமே அனுப்புவதாகக் கொள்வோம். தேர்ச்சி பெற்ற மாணவன் ஒருவனையும் அவர்கள் காண்பதில்லை. மூன்றாண்டு முடிவில், 'பிள்ளைகளுக்குக் கல்வி வராது' என்னும் துணிபோடுதான் அவர்கள் வெளியேறுவார்கள். அத்துணிபுக்குக் காரணம் பிள்ளைகளின் அறிவுக் குறை அன்று. பயிற்சி அமைந்த முறையே. உளமருத்துவரின் பயிற்சியும் நெடுங்காலம் இவ்வாறே அமைந்திருந்தது.

மீண்டவர் பேசத் தொடங்கினர்

மீண்டவர் எண்ணிக்கையை ஆய்வாளர் வெளியிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், மீண்டவர்களே முன்வந்து பேசவும் தொடங்கினர். ஜூடி சேம்பர்லின் என்னும் அமெரிக்கப் பெண்மணி, தாம் மனநோய் மருத்துவமனையில் பெற்ற பட்டறிவை வைத்து 1978ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். நோயாளர் தமக்குத் தாமே துணையாக அமைந்து நடத்தும் நிலையங்கள் வேண்டும் என்பது அவர் கொள்கை.

பட்ரீசியா டீகன் என்பவர் பள்ளிப் பருவத்தின் இறுதியில் மனச்சிதைவு நோயாளர் என்று முடிவு செய்யப்பட்டவர். வாழ்நாள் முழுவதும் மருந்துண்டு அமைதியாக இருந்தால் போதும் என்னும் பொருளில் அவருக்கு அறிவுரை கிடைத்தது. அவ்வறிவுரை தம் எதிர்காலத்தை மூடிய கதவாகத் தோன்றியதாக அவர் பின்னர் எழுதினார். அவர் படித்து மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1988ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை மீட்சி என்னும் சொல்லுக்கு உயிரூட்டியது. விபத்தில் உடல் செயலிழந்த இளைஞர் ஒருவரின் வாழ்வோடு தம் வாழ்வை அதில் அவர் ஒப்பிட்டுக் காட்டினார். அவ்விளைஞருக்குக் கால்கள் திரும்பவில்லை. ஆனால் வாழ்வு திரும்பியது. நோய் முற்றும் நீங்குதல் குணம் எனப்படும். நோயின் எச்சம் இருந்தாலும் தனக்கென ஒரு வாழ்வைக் கட்டியெழுப்புதல் மீட்சி எனப்படும். இவ்வேறுபாடு அறியப்பட்டதும், குணப்படுத்த இயலாத இடத்தும் மருத்துவருக்குப் பணி உண்டு என்பது புலனாயிற்று. பாஸ்டன் பல்கலைக்கழகத்து வில்லியம் அந்தோணி 1993ஆம் ஆண்டில் இக்கருத்துக்கு இலக்கணம் வகுத்து, மனநலப் பணிகள் அனைத்துக்கும் அதுவே வழிகாட்டியாக வேண்டும் என்று எழுதினார்.

டீகன் கருத்துரைத்ததோடு அமையவில்லை. பயிற்சிப் பாடம் ஒன்றையும் வகுத்தார். மனநலப் பணியாளர் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும். இழித்தும் அச்சுறுத்தியும் பேசும் குரல்கள் அதிலிருந்து இடைவிடாது ஒலிக்கும். அக்குரல்களுக்கு இடையில் அவர்கள் மருத்துவரின் வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். சிறு வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். நோயாளி ஏன் கேட்ட வினாவிற்கு உடனே விடை சொல்வதில்லை என்பதை நூறு பக்கம் படித்து அறிவதைவிட, இப்பயிற்சியில் சிறிது நேரம் இருந்து அறிவது எளிது. சோம்பல் என்று குறிக்கப்பட்டது சோம்பல் அன்று, பெரும் போராட்டம் என்று பணியாளர் உணர்ந்தனர்.

நோயிலிருந்து மீண்டு தாமே உளமருத்துவரானவரும் உண்டு. தேனியல் ஃபிஷர் என்பவர் வேதியியல் ஆய்வாளராக இருந்த காலத்தில் மனச்சிதைவு நோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் இருந்தவர். பின்னர் மருத்துவம் பயின்று உளமருத்துவரானார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த மனநல ஆணையத்தில் அவர் உறுப்பினராக அமர்ந்தார். 2003ஆம் ஆண்டில் அவ்வாணையம் வெளியிட்ட அறிக்கை, மீட்சியே மனநலப் பணியின் குறிக்கோள் என்று பறைசாற்றியது.

ஆகஸ்டாவின் வகுப்பறை

குறிக்கோளை அறிவிப்பது எளிது. அதற்கேற்ப மருத்துவரை உருவாக்குவதே அரிது. இவ்வரிய பணியில் முன்னின்ற இடங்களுள் ஒன்று, மில்லெட்ஜ்வில் விடுதி இருந்த அதே ஜார்ஜியா மாநிலமாகும். நோயிலிருந்து மீண்டவர் பிற நோயாளர்க்குத் துணைபுரியும் பணிக்கு ஏழையர்க்கான அரசு மருத்துவ நிதியிலிருந்து ஊதியம் வழங்கும் முறையை அமெரிக்க மாநிலங்களுள் முதன்முதலாக 1999ஆம் ஆண்டில் ஜார்ஜியாவே ஏற்றது. 2001ஆம் ஆண்டு முதல் அத்தகையோர்க்குப் பயிற்சியும் சான்றிதழும் தரப்பட்டன. அவர்களை மீண்ட துணைவர் எனலாம்.

அம்மாநிலத்தின் ஆகஸ்டா நகரில் 1828ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பழம்பெரும் மருத்துவக் கல்லூரி ஒன்று உள்ளது. பீட்டர் பக்லி என்பவர் தலைவராக இருந்த அதன் உளமருத்துவத் துறை, 2000ஆம் ஆண்டுகளில் மீட்சி நெறியை மருத்துவப் பயிற்சியில் புகுத்தும் திட்டத்தை மேற்கொண்டது. மீண்ட துணைவர்கள் அத்துறையின் ஊதியம் பெறும் பணியாளராகவே அமர்த்தப்பட்டனர். மருத்துவப் பேராசிரியர் அமர்ந்த அவையில் அவர்கள் தம் வாழ்வை எடுத்துரைத்தனர். பயிற்சி மருத்துவரோடு கலந்துரையாடினர். நோயாளரைக் காணும்போது உடனிருந்தனர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வினாத்தாள் கொடுத்து ஆராய்ந்தபோது, மீட்சி பற்றிய மருத்துவர்தம் அறிவும் மனப்பான்மையும் உயர்ந்திருந்தன.

இத்தகைய பயிற்சியில் கற்பிக்கப்படுவன யாவை? முதலாவது, சொல். 'மனச்சிதைவுக்காரர்' என்னாமல் 'மனச்சிதைவு நோயுள்ள ஒருவர்' என்று சொல்லவும் எழுதவும் பழகுதல். சொல் மாறினால் நோய்க்குப் பின்னால் மறைந்திருந்த மனிதர் வெளிப்படுகிறார். இரண்டாவது, வினா. குரல் கேட்கிறதா, உறக்கம் வருகிறதா, மருந்து தவறாமல் உண்கிறீரா என்பன பழைய வினாக்கள். அவை தேவையானவையே. அவற்றோடு, எத்தகைய வாழ்வை விரும்புகிறீர், அதற்கு எது தடையாக உள்ளது என்னும் வினாக்களும் சேர்கின்றன. மூன்றாவது, முடிவெடுக்கும் முறை. தையல் தொழிலாளி ஒருவருக்குத் தரும் மருந்து குரல்களை அடக்குகிறது, ஆனால் கையை நடுங்கச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவரின் ஏட்டில் அது வெற்றி. தையற்காரரின் வாழ்வில் அது தொழில் இழப்பு. அவர் மருந்தை எறிந்துவிட்டால் ஒத்துழைக்காத நோயாளி என்று எழுதுவது பழைய முறை. மருந்தின் அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று அவரோடு அமர்ந்து முடிவு செய்வது புதிய முறை.

இவையனைத்திற்கும் மேலாகப் பயிற்சி மருத்துவர் பெறுவது ஒரு காட்சி. நேற்று வரை படுக்கையில் மட்டுமே கண்ட நோயுள்ள ஒருவரை, இன்று தம்மோடு ஒரே மேசையில் உடன் பணியாளராகக் காண்கிறார். இவர் எவ்வாறு மீண்டார் என்னும் வினா எழுகிறது. அடுத்த முறை படுக்கையில் இருப்பவரைக் காணும்போது, இவரும் மீளக்கூடும் என்னும் எண்ணம் உடன் எழுகிறது. கோகன் இருவர் சுட்டிய மயக்கம் தெளியும் இடம் அதுவே.

இங்கிலாந்திலும் இதே நோக்கம் செயல்வடிவம் பெற்றது. மருத்துவப் பணியைப் பெறுவோரும் அவர்தம் குடும்பத்தாரும் உளமருத்துவரின் பயிற்சியில் நேரடியாகப் பங்குகொள்ள வேண்டும் என்று அந்நாட்டு உளமருத்துவர் அரசக் கல்லூரி 2005ஆம் ஆண்டில் விதித்தது. அமெரிக்க அரசின் மனநலத் துறை 2009ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கி, உளமருத்துவம், உளவியல், செவிலியம், சமூகப்பணி முதலிய துறைகள் ஒவ்வொன்றும் தத்தமக்கு மீட்சிப் பாடத்திட்டம் வகுக்கத் துணைசெய்தது. உளமருத்துவருக்கான பாடத்திட்டத்தை அமெரிக்க உளமருத்துவர் சங்கமும் சமூக உளமருத்துவர் சங்கமும் இணைந்து உருவாக்கின.

ஐயங்களும் எச்சரிக்கைகளும்

எந்தப் புதுநெறியும் ஐயங்களுக்கு உட்பட்டே வளர வேண்டும். நோய் முற்றிய நிலையில் தன்னையே மாய்த்துக்கொள்ள முனையும் ஒருவரிடம் விருப்பம் கேட்டுக்கொண்டிருக்க இயலுமா என்பது மருத்துவர் எழுப்பும் ஐயம். இயலாத வேளை உண்டு என்பதை மீட்சி நெறியாளரும் மறுப்பதில்லை. ஆனால் அவ்வேளை கடந்த பின்னும் அவரை அவ்வாறே நடத்துவது தவறு என்பதே அவர் வாதம். மருந்து வேண்டா என்பது இந்நெறியின் முடிபு என்று கருதுவதும் பிழையாகும். மருந்து நான்கனுள் ஒரு கூறு. அது ஒன்றே மருத்துவம் ஆகாது என்பதே முடிபு.

வரலாறு தரும் எச்சரிக்கை இதனினும் கடுமையானது. 1963ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கென்னடி ஒப்பமிட்ட சட்டம், பெருவிடுதிகளுக்கு மாற்றாக ஊர்தோறும் மனநல நிலையங்கள் அமையும் என்று உறுதியளித்தது. விடுதிகள் காலியாயின, வாக்களித்த நிலையங்களுள் பல கட்டப்படவேயில்லை. வெளியே வந்தவருள் பலர் தெருவோரத்திலும் சிறையிலும் துன்புற்றனர். வெர்மான்ட் நோயாளர் மீண்டதற்குக் காரணம் வெளியே அனுப்பப்பட்டது மட்டும் அன்று. வீடும் வேலையும் துணையும் உடன் தரப்பட்டமையே. அதே வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த மேய்ன் மாநிலத்தில், அத்தகைய ஏற்பாடு இல்லாத ஒத்த நோயாளர் கூட்டத்தை ஆராய்ந்து 1995ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, அங்கே நலமடைந்தோர் வெர்மான்ட் நோயாளரினும் குறைவாகவே இருந்தனர். மீட்சி என்னும் இனிய சொல்லைக் காட்டிச் செலவைக் குறைக்க முனைவோர்க்கு இவ்வொப்பீடு தக்க விடையாகும்.

நிறைவாக

வாட்டர்பரி மருத்துவமனை 2011ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் சேதமுற்று மூடப்பட்டது. மில்லெட்ஜ்வில் என்னும் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்தும் வழக்கமும் பழங்கதையாகி வருகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்க்கு அவ்வழக்கம் புதிதன்று. 1911ஆம் ஆண்டில் மனநல மருத்துவமனை தொடங்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயர் எத்தனையோ பள்ளித் திடல்களில் ஏளனச் சொல்லாக ஒலித்துள்ளது. 1928ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றுப் பின்னர் உட்பிரிட்ஜ் எனப் பெயர் பெற்ற சிங்கப்பூர் மருத்துவமனையின் பெயருக்கும் அதே கதி நேர்ந்தது. ஊர்ப்பெயர் ஏளனமாகும்போது, அங்கிருந்து நலம் பெற்றுத் திரும்பியவர் தாம் அங்கிருந்ததை வாய்திறந்து சொல்வதில்லை. குடும்பத்தார் மகளின் திருமணம் கருதியும் மகனின் வேலை கருதியும் மறைக்கின்றனர். மீண்டவர் மறைந்து வாழ்வதால், மீட்சி உண்டு என்பதே ஊராருக்குத் தெரியாமல் போகிறது. மருத்துவரைப் பற்றிய மயக்கம் மருத்துவமனைச் சுவரோடு நிற்பதில்லை. அது தெருவிலும் வீட்டிலும் பள்ளியிலும் உள்ளது.

தோல் பதனிடும் தொழிலாளியாகவும் நோயாளியாகவும் இருந்த பூசேனிடம் பினேல் பாடம் கேட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகள் கழித்து, ஆகஸ்டா நகரத்து இளம் மருத்துவர்கள் மீண்ட துணைவரிடம் பாடம் கேட்டனர். இடைப்பட்ட காலத்தில் விடுதிகளில் வாழ்ந்து மாய்ந்தோர் எத்தனை இலட்சம் பேர்! அவர்களுள் எத்துணையோ பேர் மீண்டிருக்கக் கூடும். நோயுற்றவனை முதலாகவும் பணிவிடை செய்பவனை நான்காவதாகவும் வைத்து இடையில் மருத்துவனையும் மருந்தையும் அமைத்த வள்ளுவரின் பகுப்பை மருத்துவக் கல்லூரிகள் இன்று வேறு பெயரில் கற்கத் தொடங்கியுள்ளன. அக்கல்வி மக்களிடமும் பரவும் நாளில், நலம் பெற்றுத் திரும்பும் ஒருவர் தம் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பார். அவரைக் காணும் தாய் ஒருத்தி, தன் மகனும் மீள்வான் என்று நம்பி அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வாள்.